இசக்கித்தாய் வளர்த்த கொசுக்கள்

உலகத்தில் எல்லாரும் கொசுவை அடிப்பார்கள், விரட்டுவார்கள், வேப்பிலைப் புகை போடுவார்கள். கொசுவைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, வேளை தவறாமல் இரை போட்டு வளர்த்தவள் தூத்துக்குடியில் ஒருத்திதான். அவள் பெயர் இசக்கித்தாய். புத்தி பேதலித்து அப்படிச் செய்யவில்லை. ஐந்து மாடுகளைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்தாள்.

ஆத்தூர்ப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வயலும் வாய்க்காலுமாக இருக்கும் ஒரு சிற்றூரில் பிறந்தவள். பதினெட்டு வயதில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கயிற்றுக்கிட்டங்கித் தெருவுக்கு வந்தாள். புருஷன் ஒரு ஐப்பசி மழையில் மார்வலி கண்டு போய்ச் சேர்ந்தான். அண்ணன் வந்து, "ஊருக்கே வந்துரு தாயி, ஒனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்த முடியாமலா போவும்?" என்று கூப்பிட்டான். அண்ணன் தங்கம். ஆனால் கஞ்சியை ஊற்றப் போகிறவள் மதினி. அவள் கஞ்சியோடு சேர்த்து ஊற்றும் பேச்சைக் குடிக்க இசக்கித்தாயால் ஆகாது. கழுத்தில் கிடந்ததை விற்று ஒரு கிடாரி வாங்கினாள். அது ஈன்றது, அதன் கன்று ஈன்றது, பதினோரு வருஷத்தில் தொழுவத்தில் ஐந்து மாடுகள் நின்றன.

வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பாலில் தண்ணீர் என்று யாராவது முணுமுணுத்தால், அவர்கள் வாசலிலேயே நின்று அவர்களின் ஏழு தலைமுறையையும் எழுப்பி உட்கார வைத்துவிட்டுத்தான் நகர்வாள். ஆனாலும் தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு அவள் பால்தான். ஏனென்றால் அதில் தண்ணீர் கிடையாது.

தெரு கிழக்கு மேற்காக நீண்டது. மேல்கோடியில் இசக்கித்தாயின் தொழுவம். கீழ்க்கோடி கடற்கரை மணலில் போய் முடியும். அங்கேதான் தோணிகள் கரையேறும். தென்மேற்குக் காற்று வலுக்கிற நாலு மாதமும் தோணிகள் கொழும்புக்குப் போகாது. மணலில் ஏற்றி, முட்டுக் கொடுத்து நிறுத்தி, பழுது பார்ப்பார்கள். கடலோடிகளும் வீட்டில் இருப்பார்கள். கடலோடிகள் வீட்டில் இருந்தால் தெருவில் சண்டைக்கும் சிரிப்புக்கும் குறைவிருக்காது.

எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாதம் சிரிப்பு நின்று போனது. முறைக்காய்ச்சல் புகுந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லிவைத்த மாதிரி வரும். வந்தால் மூன்று கம்பளி போட்டாலும் குளிர் அடங்காது, கட்டில் கிடுகிடுவென்று ஆடும். பிறகு உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். பிறகு வேர்த்துக் கொட்டி, ஆளைத் துவைத்த துணியாகப் போட்டுவிட்டுப் போகும். மறுநாள் எழுந்து நடமாடுகிறவரைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நினைத்தால், அதற்கு மறுநாள் மறுபடியும் கம்பளி.

அம்புரோஸ் தண்டலின் மனைவி மெட்டில்டா அப்படித்தான் நாலாவது முறையாகக் கிடந்தாள். தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். நடுக்கடலில் அவர் சொல்தான் சட்டம். கரையிலும் அப்படியே என்று நினைத்துவிடுவார், அவரிடம் இருந்த ஒரே கோளாறு அது. மற்றபடி மனுஷன் நல்லவர். இசக்கித்தாயின் புருஷன் இறந்த அன்று, முதல் ஆளாக வந்து தோள் கொடுத்தவர் அவர்தான்.

மெட்டில்டாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போன இடத்தில், சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. வாலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, சாய்வாக உட்கார்ந்த ஒரு கொசு. மலேரியாவைப் பரப்புவது இதுவே என்று அடியில் எழுதியிருந்தது. அம்புரோஸ் படத்தை உற்றுப் பார்த்தார். தெருவுக்குத் திரும்பினார். மெட்டில்டாவை வீட்டில் விட்ட கையோடு நேரே தொழுவத்துக்கு வந்து சுவரைப் பார்த்தார். நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு, படத்தில் கண்டது போலவே.

"ஏளா இசக்கி, இங்கன வந்து பாரு. ஒண்ணா ரெண்டா? எம்புட்டு! எல்லாம் காச்சல் கொசு. ஒன் தொழுவத்துலதாம் குடும்பம் நடத்துது."

"தண்டல் அண்ணாச்சி, பதினோரு வருசமா இந்தத் தொழுவம் இங்கனதான இருக்கு? இம்புட்டு நாளும் வராத காச்சல் இப்ப வந்துச்சுன்னா அதுக்கு எம் மாடா பொறுப்பு?"

"நியாயம் பேச எனக்கு நேரமில்ல. எம் பொண்டாட்டி அங்கன வெறச்சுக்கிட்டுக் கெடக்கா" என்றார் அம்புரோஸ். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதனால்தான் இசக்கித்தாயால் அன்றைக்கு அவருடைய ஏழு தலைமுறையை எழுப்ப முடியவில்லை.

மனு போனது. அதில் நாற்பத்து மூன்று கையெழுத்து. நாற்பத்து மூன்றில் முப்பத்தொரு வீடு அவள் பால் ஊற்றுகிற வீடு. காலையில் அவளிடம் பாலை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அதே கையால் அவளுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இதைக் கேட்டபோதுதான் இசக்கித்தாய்க்கு வயிறு எரிந்தது. அதிகாரிகள் கிழித்த கோட்டை யாரும் தாண்டாத எமர்ஜென்சிக் காலம் அது. பத்தே நாளில் உத்தரவு வந்துவிட்டது. ஜூலை இருபத்து நாலு, சனிக்கிழமை, சுகாதார அதிகாரி நேரில் வருவார். அன்றைக்குள் மாடுகளை ஊருக்கு வெளியே கொண்டு போய்விட வேண்டும். இல்லாவிட்டால் தொழுவம் பிரிக்கப்படும். இருபத்தாறாம் தேதி பனிமய மாதா கோயில் கொடியேற்றம், வெளியூர் ஜனம் வந்து குவிவதற்குள் தெரு சுத்தமாக வேண்டுமாம்.

உத்தரவைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக இசக்கித்தாயின் கட்டைவிரலை மையில் தோய்த்து அமுக்கி வாங்கிக்கொண்டு போனார்கள்.

"மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துன கதையால்லா இருக்கு!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். கத்திவிட்டு, தொழுவத்துக்குள் போய் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். மயிலை நிறைசினை. இன்றோ நாளையோ என்று நிற்கிறது. ஆத்தூர் வரைக்கும் அதை நடத்திக்கொண்டு போனால் வழியிலேயே கன்று போய்விடும், மாடும் போய்விடும். மாடு போனால் பிழைப்பு போகும். பிழைப்பு போனால் மிச்சம் இருப்பது மதினியின் கஞ்சி.

கெடுவுக்கு நாலு நாள் இருந்த செவ்வாய்க்கிழமை விடிகாலையில் வழக்கம்போல ஜீவமணி தொழுவத்துக்கு வந்தார்.

ஜீவமணி சாயர்புரத்துக்காரர். மலேரியா ஒழிப்பில் பூச்சி பிடிக்கிற வேலை. சர்க்கார் சம்பளம் கொடுத்துக் கொசு பிடிக்கச் சொல்கிறது என்றால் யார் நம்புவார்கள்? முதல் நாள் இசக்கித்தாயும் நம்பவில்லை. ஒரு கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய், குழாயின் அடுத்த முனையில் நீளமான கண்ணாடிக் குழல். சுவரில் இருக்கிற கொசுவின் மேல் குழலை வைத்து 'சுர்' என்று ஓர் உறிஞ்சு. கொசு குழலுக்குள் போய்விடும். வாய்க்குள் போகாமல் நடுவில் ஒரு வலைத்துணி. "சொவருக்கு முத்தம் குடுக்கான்ளா ஒருத்தன்" என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். தெரு அவருக்குக் 'கொசு சார்' என்று பெயர் வைத்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சின்ன உடம்பு, பெரிய பொறுமை.

அன்றைக்கு அவள் அழுத முகத்தைப் பார்த்துவிட்டு, குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"யக்கா, ஒங்களுக்கு ஒண்ணு காட்டுதேன்" என்று இரண்டு அட்டைகளை நீட்டினார். ஒவ்வொன்றிலும் செத்த கொசுக்கள் ஒட்டியிருந்தன. "இது ஒங்க தொழுவத்துல பிடிச்சது. இது மெட்டில்டாம்மா வீட்டுல, கொடியில தொங்குன துணிக்குப் பின்னால பிடிச்சது. லென்ஸ் வச்சுப் பாருங்க."

பார்த்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. தொழுவத்துக் கொசுவின் கால் ஒரே நிறமாக இருந்தது. மெட்டில்டா வீட்டுக் கொசுவின் காலெல்லாம் வெள்ளைப் புள்ளி, சுண்ணாம்பு தெறித்த மாதிரி.

"ரெண்டும் வாலத் தூக்கித்தான் உக்காரும். அதனாலதான் தண்டல் ஏமாந்துட்டாரு. ஒங்க தொழுவத்துல உள்ளது மாட்டுக் கொசு. அதுக்கு மாட்டு ரத்தம் போதும், மனுசன்கிட்ட அதுக்கு வேலையில்ல. சாக்கடையில பெருகுது பாருங்க, அது இன்னொரு சாதி, அது சப்பையா உக்காரும். காச்சல் பரப்புதது இந்தப் புள்ளிக்காலுதான். பன்னெண்டு நாளா ஒங்க தொழுவத்துல முந்நூத்தி நாப்பது பிடிச்சிருக்கேன். அதுல புள்ளிக்கால் ஒண்ணுகூட இல்ல."

"அப்பம் இத அந்த ஆபீசர்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதான சார்?"

"சொன்னேன். 'சரி, அப்படின்னா அது எங்க பெருகுது, காட்டு'ன்னு கேக்காரு. அது நல்ல தண்ணியிலதான் முட்ட போடும். கெணறு, தொட்டி, இப்படி. இந்தத் தெருவுல எழுபத்தெட்டு வீடு. ஒரு கெணறு பாக்கியில்ல, புழு திங்க மீன் விட்டாச்சு. ஒரு தொட்டி பாக்கியில்ல, கழுவ வச்சாச்சு. ஆனாலும் புள்ளிக்கால் வந்துக்கிட்டேதான் இருக்கு. எங்கேருந்து வருதுன்னு எனக்குப் பிடிபடல யக்கா."

தன்னுடைய தோல்வியை இப்படி வெளிப்படையாகச் சொல்லுகிற ஆம்பிளையை இசக்கித்தாய் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அவர்மேல் அவளுக்கு அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

தூக்குப்போணியை எடுத்துக்கொண்டு பால் ஊற்றப் போனாள். மனம் அந்தப் புள்ளிக்காலிலேயே நின்றது. ஒரு வீட்டில், "எங்க வீட்டுலயும் படுத்தாச்சு, நாளையிலருந்து கால்படி போதும்" என்றார்கள். அவள் உழக்கைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

காய்ச்சல் வந்த வீட்டில் பால் குறையும். வாய் கசக்கிறவனுக்குப் பால் எதற்கு? எந்த வீட்டில் எப்போது பால் குறைந்தது என்று அவளுக்குத் தெரியும். முதலில் குறைத்தது யார்? கீழ்க்கோடிக் கடைசி வீட்டு அல்போன்சா. அடுத்தது அதற்கு எதிர்வீடு. பிறகு ஒரு வீடு தள்ளி. பிறகு மெட்டில்டா. அங்கிருந்து ஒவ்வொரு வீடாக மேற்கே மேற்கே வந்து, இன்றைக்கு நடுத்தெருவில் நிற்கிறது. அவள் தொழுவத்துச் சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும் தையல்காரர் வீட்டில் ஏழு உருப்படி. ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

தொழுவத்திலிருந்து புறப்பட்டிருந்தால் காய்ச்சல் மேற்கேயிருந்து கிழக்கே அல்லவா போயிருக்க வேண்டும்? இது கடலிலிருந்து வருகிறது.

மிச்சப் பாலை அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கவிழ்த்துவிட்டு, வெறும் போணியோடு விறுவிறுவென்று கிழக்கே நடந்தாள். மணல் வந்தது. பதினாலு தோணிகள் முட்டுக் கொடுத்து நின்றன. முதலில் நின்றது அம்புரோஸ் தண்டலின் 'சந்தியாகு'. அதன் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்துக்கொண்டிருந்தார் இனிகோ. அவர் அந்த வேலையில் பேர்போன ஆள், வாயில் எப்போதும் புகையிலை.

"இனிகோ அண்ணாச்சி, இந்தத் தோணியில நல்ல தண்ணி எங்கயும் கெடக்கா?"

"குடிக்கக் கேக்கியா?"

"பாக்கக் கேக்கேன்."

"மேல பீப்பாயில கெடக்கு. நாலு பீப்பாய். அதக் குடிச்சுராத, ரெண்டு மாசத்துத் தண்ணி."

இசக்கித்தாய் அண்ணாந்து தோணியைப் பார்த்தாள். "கடலுக்கே போகாத தோணிக்கு எதுக்கு அண்ணாச்சி தண்ணி?"

இனிகோ அவளை இரக்கத்தோடு பார்த்தார், வயல்காட்டுக்காரிக்கு என்ன தெரியும் என்பது போல. "பீப்பாய் மரத்துல செஞ்சதுல்லா? காஞ்சா பலக சுருங்கும். சுருங்குனா இடுக்கு விட்டுரும். பெறவு கடல்ல போவும்போது சொட்டு தண்ணி நிக்காது. அதனால சும்மா கெடக்க காலத்துல நெறச்சே வச்சிருப்போம். எங்க அப்பன் பாட்டன் காலத்துலருந்து அதாம் வழக்கம். மூடி வச்சா நாத்தம் எடுக்கும்னு தொறந்து போட்டிருக்கோம்."

ஏணியில் ஏறினாள். சேலையைச் செருகிக்கொண்டு அவள் ஏறிய வேகத்தைப் பார்த்து இனிகோ புகையிலையைத் துப்ப மறந்தார். பீப்பாய் அவள் மார்பளவு இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது. அதன் மேல் முதலில் தூசு என்று நினைத்தாள், நறுக்கிப் போட்ட வைக்கோல் துணுக்குபோல. கையை நீட்டினாள். நிழல் விழுந்ததும் அத்தனை துணுக்கும் ஒரே நேரத்தில் நெளிந்து கீழே இறங்கின.

"ஆத்தாடி!" என்றாள்.

பால் அளக்கும் உழக்கால் கோரிக் கோரித் தூக்குப்போணியை நிரப்பிக்கொண்டு, தெருவில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஜீவமணி பெட்டிக்கடை வாசலில் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். போணியைத் திறந்து காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். அப்புறம் அந்தச் சின்ன உடம்பு தெருவில் நின்று ஒரு குதி குதித்தது.

"தண்ணிக்கு மேல படுத்தாப்ல கெடக்கு! இதாம் யக்கா, இதாம்! எங்க எடுத்திய?"

சொன்னாள். ஜீவமணி தலையில் அடித்துக்கொண்டார். அவர் நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி, தொழுவத்துக்கு ஒரு வரி இருந்தது. எல்லாவற்றுக்கும் கதவு எண் உண்டு. தோணிக்குக் கதவு எண் ஏது? அதனால் அவர் நோட்டில் தோணி இல்லை. உப்புக்கடல் பக்கத்தில், மணலில் ஏற்றிய தோணியில் நல்ல தண்ணீர் நிறைந்து கிடக்கும் என்று அவர் நினைத்தும் பார்க்கவில்லை.

"ஆனா புழுவக் காட்டுனா ஆபீசர் ஒத்துக்கிட மாட்டாரு" என்றார் கொஞ்சம் அடங்கி. "புழுவுல எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியும். பெரிய கொசுவா ஆகணும், கால்ல புள்ளி தெரியணும். இத வளத்துத்தான் காட்டணும். எனக்கு நாளையிலருந்து மூணு நாள் வேற ஊர்ல டூட்டி. சனிக்கிழமதான் வருவேன்."

"நீங்க போங்க சார். நான் வளக்கேன்."

"கொசுவயா?"

"அஞ்சு மாடு வளத்தவளுக்கு அம்பது கொசு வளக்கத் தெரியாதா?"

பெட்டிக்கடை ஆவுடையப்பனிடம் மிட்டாய் போட்டு வைக்கும் கண்ணாடிப் போத்தல் இரண்டு கேட்டாள். எதற்கு என்றார். கொசு வளர்க்க என்றாள். ஆவுடையப்பன் அவளுடைய கண்ணைப் பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். நல்ல முடிவு.

ஒரு போத்தலில் பீப்பாய்த் தண்ணீர், புழுவோடு. வாயில் பழைய மல் வேட்டித் துணி கட்டியாயிற்று. தொழுவத்து மூலையில், வெயில் படாத இடத்தில், மாடு முட்டாத உயரத்தில் வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை ரொட்டித்தூள் போடச் சொல்லியிருந்தார் ஜீவமணி. ரொட்டிக்கு எங்கே போவாள்? மாட்டுக்குப் போடும் புண்ணாக்கைப் பொடித்து, மூன்று விரலால் கிள்ளி, துணியை விலக்கித் தூவினாள். கூடப் போட்டால் தண்ணீர் அழுகும் என்பதை, சொல்லாமலே கண்டுகொண்டாள். புதனன்று பெரிய புழுக்கள் உருண்டு சுருண்டு கூட்டுப்புழுவாக மாறின. இரை தின்பதை நிறுத்திவிட்டன. செத்துவிட்டனவோ என்று பதறிப் போத்தலைத் தட்டினாள். குட்டிக்கரணம் போட்டன. "ஓடு, ஓடு, கெட்டிக்காரி" என்று கொஞ்சினாள். தன்னைத் தெருவைவிட்டு ஓட்டப் பார்க்கிற சாதிக் கொசுவைத் தானே உட்கார்ந்து கொஞ்ச வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளி மாலை வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது அண்ணன் மாட்டு வண்டியோடு வந்துவிட்டான், தங்கச்சியையும் தட்டுமுட்டுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு போக. இசக்கித்தாய் வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், அண்ணனுக்குச் சோறு போட்டாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு" என்றாள். உள்ளுக்குள் இடிந்து போயிருந்தாள். கொசுவே வா, வா என்று சாமி கும்பிட்ட பொம்பிளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை விடிந்ததும் போத்தலைப் பார்த்தாள். துணிக்கு அடியில், கண்ணாடியில், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனாள். பதினெட்டு. எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கால்களில் வெள்ளைப் புள்ளிகள். மற்றப் போத்தலால் சுவரில் உட்கார்ந்திருந்த தொழுவத்துக் கொசுக்களை மூடிப் பிடித்து, அதன் வாயையும் துணியால் கட்டினாள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. தெருவே திரண்டுவிட்டது. தொழுவத்தைப் பிரிக்கக் கடப்பாரையோடு நாலு பேர். அம்புரோஸ் தண்டல் வெள்ளைச் சட்டை போட்டு முன்னால் நின்றார். ஜீவமணி சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அதிகாரி கண்ணாடி போட்ட உயரமான மனிதர். நேரத்தை வீணாக்குகிறவர் அல்ல என்பது அவர் ஜீப்பிலிருந்து இறங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"மாடு இன்னும் இங்கேயே நிற்கிறதே? உத்தரவு கிடைத்ததா இல்லையா?"

"கெடச்சுது ஐயா. கைநாட்டும் வச்சேன்" என்று சொல்லி இசக்கித்தாய் இரண்டு போத்தல்களையும் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தாள். "ஐயா படிச்சவிய. இதுல காச்சல் கொசு எதுன்னு மட்டும் சொல்லுங்க. பெறவு தொழுவத்த நானே பிரிச்சுத் தாரேன்."

அதிகாரிக்குப் புருவம் உயர்ந்தது. ஆனால் பூச்சி தெரிந்த மனிதர், பூச்சியைக் கண்டால் விடமாட்டார். லென்ஸை எடுத்தார். ஒரு போத்தல், பிறகு மற்றது. மறுபடியும் முதல் போத்தல்.

"இது" என்று புள்ளிக்கால் போத்தலைத் தொட்டார். "சந்தேகமே இல்லை. மற்றது மாட்டுக் கொசு, அது கிடக்கட்டும். இதை எங்கே பிடித்தாய்?"

அம்புரோஸ் முந்திக்கொண்டார். "எங்க பிடிப்பா ஐயா? தொழுவத்துலதான்!"

"பிடிக்கல அண்ணாச்சி, வளத்தேன்" என்றாள் இசக்கித்தாய். "அது கெடக்கட்டும்னு ஐயா சொன்னாவல்லா, அதாம் எந் தொழுவத்துக் கொசு. இந்தப் புள்ளிக்காலுக்குத் தாய்வீடு வேற. வாங்க, எல்லாரும் வாங்க. காட்டுதேன்."

முன்னால் இசக்கித்தாய், பின்னால் அதிகாரி, ஜீவமணி, கடப்பாரைக்காரர்கள், அதற்குப் பின்னால் நாற்பத்து மூன்று கையெழுத்தும் கைகாலோடு நடந்தன. கொடியேற்றத்துக்கு முன்பே ஒரு சப்பரம் போவது போலிருந்தது. அவள் திரும்பியே பார்க்கவில்லை. மணலில் இறங்கி 'சந்தியாகு' முன்னால் நின்றாள்.

அம்புரோஸ் முகம் மாறியது. "எந் தோணிக்கு எதுக்கு வந்த?"

"ஏறிப் பாருங்க அண்ணாச்சி. ஒங்க பீப்பாயில, நீங்களே பாருங்க."

ஏறினார். குனிந்தார். நிமிரவே இல்லை. அதிகாரியும் ஏறிப் பார்த்து, உழக்கை வாங்கிக் கோரி, மூன்று பீப்பாய்களிலும் இதே கதை என்று ஜீவமணியிடம் சொன்னார். நாலாவது பீப்பாயைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அம்புரோஸ் இறங்கி வந்தார். புயலில் பாய்மரம் முறிந்தபோதும் கலங்காத மனுஷன். கண் கலங்கியிருந்தது. "நானே எம் பொண்டாட்டியப் படுக்க வச்சிருக்கேன். பழிய ஒன் மேல போட்டேன். இசக்கி, எனக்கு என்ன சொல்லன்னு தெரியல."

எத்தனை நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அவளுக்கு! ஏழு தலைமுறை என்ன, எழுபது தலைமுறைக்கு இருந்தது. நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு தன் புருஷனைச் சுமந்த அந்தத் தோளைப் பார்த்துவிட்டாள்.

"மொதல்ல தண்ணியக் கவுத்துங்க அண்ணாச்சி. மத்தத பெறவு பேசுவோம்."

"கவுத்தக் கூடாது!" என்று இனிகோ குறுக்கே பாய்ந்தார். "பீப்பாய் காஞ்சா பலக விட்டுப்போவும். பதினாலு தோணி, ஒரு பீப்பாய் மிஞ்சாது. புதுசு செய்ய எவன் இருக்கான்?" கடலோடிகள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதிகாரியும் தாடையைத் தடவினார். கொசுவும் போக வேண்டும், மரமும் காயக் கூடாது. இதற்கு அவரிடம் உத்தரவு இல்லை.

இசக்கித்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தாள். அலை அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் அண்ணாச்சிமாரே, பலகைக்கு ஈரம்தான வேணும்? நல்ல தண்ணியா கேக்குது? அந்தா இம்புட்டுக் கடலு கெடக்கே, அதுல தண்ணிக்கு என்ன பஞ்சம்?"

பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடக்கும் முப்பது ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். குடிதண்ணீர்ப் பீப்பாயில் குடிதண்ணீர்தான் இருக்க வேண்டும் என்று பாட்டன் காலத்திலிருந்து வைத்தது. அதற்கு மேல் ஒருவரும் யோசிக்கவில்லை. முதலில் சிரித்தவர் இனிகோ. புகையிலை தெறிக்கச் சிரித்தார். பிறகு மணல் முழுவதும் சிரிப்பு. ஒரு மாதத்துக்கு மேலாகக் கேட்காத சிரிப்பு.

"முழு உப்புத் தண்ணியில இந்தப் புள்ளிக்கால் பெருகாது ஐயா" என்றார் ஜீவமணி. "கடலுக்குப் போறப்போ நல்ல தண்ணி விட்டு நாலு தடவ அலசுனாப் போதும்."

அம்புரோஸ் சட்டையைக் கழற்றி எறிந்தார். பீப்பாயை அவரே கவிழ்த்தார். அவரே வாளியில் கடலை மொண்டு வந்து ஊற்றினார். மாலைக்குள் பதினாலு தோணிகளிலும் ஐம்பத்திரண்டு பீப்பாய்கள் உப்புத் தண்ணீரால் நிறைந்துவிட்டன. அதிகாரி உத்தரவின் குறுக்கே ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஜீவமணி தன் படிவத்தை நீட்டினார். அதில் 'சேகரித்தவர் பெயர்' என்ற இடத்தில் இசக்கித்தாய், பால்காரர் என்று எழுதியிருந்தது. அதிகாரி ஒருமுறை படித்தார். அதற்குக் கீழேயும் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் அவளுடைய கைநாட்டு. இந்த முறை விரலை யாரும் பிடித்து அமுக்கவில்லை. அவளே மையைத் தொட்டு, அழுத்தமாக வைத்தாள்.

அண்ணன் வெறும் வண்டியோடு ஊருக்குப் போனான். திங்கட்கிழமை, கொடியேற்றத்துக்கு வேட்டுச் சத்தம் கேட்ட நேரத்தில் மயிலை கிடாரிக் கன்று போட்டது. மாத்திரையாலும் புதுக் கொசு வராததாலும் ஆவணி பிறப்பதற்குள் தெருவில் காய்ச்சல் அடங்கியது. எழுந்து நடமாடத் தொடங்கிய மெட்டில்டா முதலில் வந்தது தொழுவத்துக்குத்தான். குசினியிலிருந்து பெரிய பாத்திரமாகப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். பாத்திரம் நிறைந்து வழிகிற வரைக்கும் இசக்கித்தாய் பால் ஊற்றினாள்.

அதன் பிறகு கயிற்றுக்கிட்டங்கித் தெருவில் ஒரு புது வழக்கம் உண்டானது. தோணிகள் கரையேறிக் கிடக்கும் நாலு மாதமும், சனிக்கிழமைதோறும் இசக்கித்தாய் உழக்கோடு மணலுக்கு வருவாள். கடலையே அதட்டுகிற தண்டல்மார் தத்தம் தோணி முன்னால் கைகட்டி நிற்பார்கள். அவள் ஒவ்வொன்றாக ஏறி, உழக்கை முக்கிப் பார்த்து, பீப்பாய்க்குள் ஒரு விரலை விட்டு நாக்கில் வைப்பாள். 'சந்தியாகு' பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வாள், வேண்டுமென்றே. அம்புரோஸ் தண்டல் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்.

"என்ன இசக்கி, சரியா இருக்கா?"

அவள் நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டுச் சொல்வாள்:

"உப்புக் கரிக்கு அண்ணாச்சி. பொழச்சுப் போங்க."